விளையாட்டுப் போர்க்களங்களும் அவற்றை ஆக்கிய கைகளும்

'பப்ஜி' என்ற சொல்லை அறியாத மாணவரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று காண்பது அரிது. கைத்தொலைபேசித் திரையிலே நூறு பேர் ஒரு தீவிற் குதித்து, ஒருவர் எஞ்சும் வரை ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் இவ்விளையாட்டைக் குறித்துப் பெற்றோர் கவலையுறுகின்றனர்; ஆசிரியர் கண்டிக்கின்றனர்; மேடைகளிற் பேசுவோர் இளைய தலைமுறை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகின்றனர். கவலையும் கண்டனமும் ஒருபுறம் இருக்கட்டும். இவ்விளையாட்டு எவ்வாறு பிறந்தது, எவருடைய உழைப்பால் வளர்ந்தது, அவ்வுழைப்பின் பயனை எவர் அடைந்தனர் என்ற வினாக்களை நாம் கேட்பதில்லை. ஒரு பொருளை விளங்கிக்கொள்ள விரும்புவோர் அதன் உற்பத்தி வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும் என்பது சமூக விஞ்ஞானம் எமக்குக் கற்பித்த பாடமாகும். நெல்லுக்கும் தேயிலைக்கும் அப்பாடத்தைப் பொருத்திப் பார்க்கும் நாம், எமது மாணவரின் மாலைப்பொழுதை ஆட்கொண்டுள்ள விளையாட்டுக்கு மட்டும் அதனைப் பொருத்தத் தயங்குவது ஏன்?

அவ்வாறு தேடிச் செல்பவர் ஒரு கொம்பனியின் அலுவலக வாசலோடு நின்றுவிட முடியாது. உலகின் பல மூலைகளில், ஊதியம் எதுவுமின்றி, இரவிரவாக உழைத்த ஆயிரக்கணக்கான இளைஞரின் கூட்டுமுயற்சி ஒன்று அதற்கு அப்பால் விரிந்து கிடக்கின்றது. அம்முயற்சியின் ஆக்கங்களை விளையாடுவோர் 'மொட்' என்பர். 'மாற்றியமைப்பு' என நாம் அதனைத் தமிழிற் கூறலாம்.

மாற்றியமைப்பு என்பது யாது? கணினி விளையாட்டு ஒன்றில் இரண்டு கூறுகள் உள. அசைவு, ஒளி, ஒலி, மோதல் முதலியவற்றைக் கணித்துத் தரும் அடிப்படைப் பொறி ஒன்று. அப்பொறியின் மீது எழுப்பப்படும் நிலம், வீடு, ஆயுதம், மனிதர், கதை ஆகியவை மற்றொன்று. விளையாட்டை விலைகொடுத்து வாங்கியோர், அதனை ஆக்கிய கொம்பனியின் ஊழியராக அல்லாதபோதும், இரண்டாவது கூற்றை மாற்றியும் முதலாவதனை நீட்டியும் புதியதொன்றைச் செய்து, தம்மைப் போன்ற பிறருக்கு இலவசமாக வழங்குவதே மாற்றியமைப்பாகும்.

இச்செயல் எமது மண்ணுக்கு அந்நியமானதன்று. 1990களின் முற்பகுதியில், மின்சாரம் அறுந்து பொருளாதாரத் தடை இறுகிய காலத்தில், பெற்றோலுக்கென அமைந்த மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர் யார்? சில துளி பெற்றோலால் அதனை உயிர்ப்பிக்கலாம் என்று கண்டறிந்தவர் யார்? சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்கவும், ஜாம் போத்தலில் திரியிட்டுப் பாடம் படிக்கவும் வழிசெய்தவர் யார்? இவற்றுக்கெல்லாம் தனித்ததொரு கண்டுபிடிப்பாளரின் பெயர் இல்லை. ஒருவர் செய்ததை அயலவர் பார்த்தார், பார்த்தவர் திருத்தினார், திருத்தம் ஊரெல்லாம் பரவியது. அவ்வறிவை எவரும் விற்கவுமில்லை. எவரும் அதனைத் தமது சொத்தென உரிமை கொண்டாடவுமில்லை. மாற்றியமைப்பின் இயல்பும் இதுவே. ஆயின் கணினி விளையாட்டு உலகில் இக்கூட்டறிவு சந்தையையும் படைத்துறையையும் எதிர்கொண்டபோது அதற்கு நேர்ந்த கதி வேறு.

போரை விளையாட்டாக்கும் வழக்கம் மிகப் பழையது. இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிப் பாரசீகம் வழியே உலகெங்கும் சென்ற சதுரங்கம், தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையைப் பலகையில் நிறுத்தியது. 1812இல் பிரஷ்ய அதிகாரியான ரைஸ்விற்ஸ், நிலவமைப்பைக் காட்டும் மேசையொன்றில் படைகளை நகர்த்தும் ஆட்டத்தை அரசனுக்குக் காட்டினார். அவருடைய மகன் 1824இல் அதனை வரைபடத்தில் ஆடும் முறையாகச் செம்மைப்படுத்தியபோது, பிரஷ்யப் படைத்தலைமை அதிகாரிகளின் பயிற்சிக்கு அதனை ஏற்றுக்கொண்டது. 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். சோசலிசக் கருத்துகளில் ஈடுபாடு கொண்ட அவர், மெய்யான போரின் மடமையை அப்பொம்மைப் போரே உணர்த்தும் என நம்பினார். மறு ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. விளையாட்டுப் போர் படைத்துறைக்கு உதவியதையும், சமாதானத்தை விரும்பியோர் அதனைத் தம் கருத்துக்குப் பயன்படுத்த முயன்றதையும் இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. இவ்விரு போக்குகளும் கணினி யுகத்திலும் தொடர்ந்தன.

1993 டிசெம்பரில் அமெரிக்காவில் வெளியான 'டூம்' என்ற விளையாட்டு, உள்ளடக்கத்தைப் பொறியிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக வைத்தது. அதனைப் பிறர் மாற்றலாம் என்பதே ஆக்கியோரின் எண்ணம். மிக விரைவில் மாணவரும் பொழுதுபோக்குக் கணினி ஆர்வலரும் ஆயிரக்கணக்கான புதிய களங்களை ஆக்கிப் பரிமாறத் தொடங்கினர். இவ்வாறு திறந்துவிடப்பட்ட கதவினூடாக நுழைந்தோருள் ஐக்கிய அமெரிக்கக் கடற்படைப் பிரிவினரும் இருந்தனர். 1996இல் அவர்கள் இவ்விளையாட்டின் இரண்டாம் பாகத்தை எடுத்து, அதிலிருந்த பூதங்களை நீக்கிப் படைவீரரை நிறுத்தி, நால்வர் கொண்ட குழு இணைந்து இயங்குவதற்கான பயிற்சிக் கருவியாக மாற்றினர். பொருட்செலவு மிக்க பயிற்சிப் பொறிகள் செய்த வேலையின் ஒரு பகுதியைச் சில பத்து டொலர் பெறுமதியுள்ள விளையாட்டொன்று செய்யக்கூடும் என்பதைப் படைத்துறை உணர்ந்துகொண்டது.

1999இல் கனடாவிற் படித்துக்கொண்டிருந்த வியட்நாமிய வம்சாவளி இளைஞர் மின் லே, அமெரிக்க இளைஞர் ஜெஸ் கிளிஃப் என்பவருடன் இணைந்து, 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டை மாற்றியமைத்து 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்ற இலவச ஆக்கத்தை வெளியிட்டார். மூல விளையாட்டை உடைமையாகக் கொண்ட வால்வ் என்ற கொம்பனி, மறு ஆண்டே அதனை வாங்கி, விலைப்பொருளாகச் சந்தைக்கு விட்டது. ஊதியமற்ற உழைப்பிற் பிறந்த ஒன்று பெருமுதலீட்டுப் பொருளாக மாறும் பாதை இவ்வாறு வகுக்கப்பட்டது.

இப்பாதையின் மிக நீண்ட கதை, செக் குடியரசின் தலைநகரான பிராக்கிலே தொடங்குகின்றது. ஸ்பானெல் சகோதரர் நிறுவிய பொஹீமியா இன்டராக்டிவ் 2001இல் வெளியிட்ட 'ஒப்பரேஷன் ஃபிளாஷ்பொயிண்ட்', அதுவரை வந்த துப்பாக்கி விளையாட்டுகளினின்றும் வேறுபட்டு நின்றது. அதில் வரும் வீரன் ஒரே குண்டில் இறந்துபோவான், ஓடினாற் களைப்படைவான், தொலைவிலுள்ளவனைச் சுடும்போது குண்டு சென்றடையும் நேரத்தையும் அது கீழ்நோக்கித் தாழ்வதையும் கணக்கிட வேண்டும். குறுகிய அறைகளுக்குப் பதிலாக மலையும் காடும் கிராமமும் கொண்ட முழுத் தீவு அங்கே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியவர் தாமே புதிய போர்ச் சூழல்களை அமைக்கும் கருவியும் விளையாட்டுடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது.

அதன் வழித்தோன்றலாக 2006இல் 'ஆர்மா'வும், 2009இல் 'ஆர்மா 2'உம், 2013இல் 'ஆர்மா 3'உம் வந்தன. ஒவ்வொன்றையும் சூழ்ந்து மாற்றியமைப்போர் சமூகமொன்று வளர்ந்தது. அவர்கள் செய்த வேலையின் தன்மையை ஆசிரியரும் மாணவரும் சற்று ஊன்றி நோக்குதல் நன்று. ஒரு குழுவினர் ரஷ்ய, அமெரிக்கப் படைகளின் வாகனங்களை நிழற்படங்கள் கொண்டும் அளவுகள் கொண்டும் ஆணி ஆணியாக உருவாக்கினர். மற்றொரு குழுவினர் காயம், குருதிப்பெருக்கு, கட்டுப்போடுதல், காற்றின் விசை ஆகியவற்றைக் கணித முறையிற் புகுத்தினர். வேறு சிலர், மலைக்கு அப்பால் நிற்பவரின் வானொலிக் குரல் மெலிந்து தேய்ந்து கேட்கும்படி செய்தனர். சிற்பி, கணிதர், மொழிபெயர்ப்பாளர், பிழைபார்ப்பவர் எனத் தொழிற் பிரிவினை தானாகவே அங்கு உருவாயிற்று. ஒருவரையொருவர் நேரிற் கண்டிராத இவர்கள், பாடசாலையும் தொழிலும் முடிந்த பின்னர், ஆண்டுக்கணக்கில் இவ்வேலையைச் செய்தனர். இன்று 'ஆர்மா 3' விளையாடுவோர் பலர் கொம்பனி செய்த உருவத்தில் அதனை விளையாடுவதேயில்லை. இம்மக்கள் செய்த உருவத்திலேயே விளையாடுகின்றனர்.

பொறியின் மறுபக்கம் படைமுகாமை நோக்கியிருந்தது. இவ்விளையாட்டின் அடிப்படையிலே படையினருக்கான பயிற்சி மென்பொருளொன்று ஆக்கப்பட்டு, அமெரிக்க, பிரித்தானிய, அவுஸ்திரேலியப் படைகளாற் பயன்படுத்தப்பட்டது. அதனைத் தயாரித்த கிளை பின்னர் விளையாட்டுக் கொம்பனியினின்றும் பிரிந்து தனி நிறுவனமாயிற்று. 2022இல் பிரித்தானிய ஆயுத உற்பத்திப் பெருநிறுவனமான பி.ஏ.ஈ. சிஸ்டம்ஸ் அதனை 20 கோடி டொலருக்கு வாங்கியது. போர் விமானம் செய்பவரும் போர்ப் பயிற்சித் திரை செய்பவரும் ஒரே முதலாளியாயினர்.

இனிப் 'பப்ஜி'க்கு வருவோம். நியூசிலாந்துப் படையில் முன்னர் பணியாற்றிய டீன் ஹோல், 2012இல் 'ஆர்மா 2'ஐ மாற்றியமைத்து 'டேஸீ' என்ற ஆக்கத்தை இலவசமாக வெளியிட்டார். பிணங்கள் நடமாடும் நாட்டில் உணவும் நீரும் தேடி உயிர் பிழைப்பதே அதன் பொருள். சில மாதங்களுள் பத்து இலட்சம் பேர் அதனை விளையாடினர். அதனை விளையாட மூல விளையாட்டு வேண்டும். ஆகவே மூன்றாண்டு பழமையான 'ஆர்மா 2' மீண்டும் விற்பனையில் முன்னணிக்கு வந்தது. 'டேஸீ'யை மேலும் மாற்றி, ஒருவர் எஞ்சும் வரை போரிடும் ஆட்டமாக ஆக்கியவர் அயர்லாந்தைச் சேர்ந்த பிரண்டன் கிரீன். அவருடைய கருத்தைக் கொண்டு தென்கொரியக் கொம்பனி ஒன்று 2017இல் வெளியிட்டதே 'பப்ஜி'. அதன் 7 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையானதாக 2020இல் அறிவிக்கப்பட்டது. சீனப் பெருநிறுவனமான டென்சென்ட் 2018இல் அதனைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது. பிராக் நகரத்துப் பொறியொன்றும், நியூசிலாந்தர் ஒருவரின் ஓய்வுநேரமும், அயர்லாந்துக்காரர் ஒருவரின் கற்பனையும், பெயர் தெரியாத பல்லாயிரவரின் பரிசோதனையும் ஒன்றுதிரண்டே எமது ஊர்ப் பையனின் கையை வந்தடைந்துள்ளன.

இவ்வுழைப்பை எவ்வாறு மதிப்பிடுவது? விளையாட்டும் வேலையும் இரண்டறக் கலந்த இந்நிலையை ஆராய்ந்த ஜூலியன் கியூக்லிக் 2005இல் எழுதிய கட்டுரையொன்றில், மாற்றியமைப்போரின் உழைப்பு பொழுதுபோக்காகக் கருதப்படுவதாலேயே அதற்குரிய ஊதியமும் உரிமையும் மறுக்கப்படுகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். கொம்பனிக்கு விளம்பரம் கிடைக்கின்றது; விளையாட்டின் ஆயுள் நீள்கின்றது; புதிய கருத்துகள் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. தோற்றுப்போன முயற்சியின் நட்டத்தை இளைஞர் சுமக்கின்றனர். வென்ற முயற்சியின் இலாபம் உடைமையாளரைச் சேர்கின்றது. 2015 ஏப்பிரலில், 'ஸ்கைரிம்' என்ற விளையாட்டுக்கான மாற்றியமைப்புகளை விலைக்கு விற்கும் முறையை வால்வ் கொம்பனி அறிமுகப்படுத்தியது. விலையில் நாலில் ஒரு பங்கு ஆக்கியவருக்கு. முக்கால் பங்கு கொம்பனிகளுக்கு. விளையாடுவோரின் கடும் எதிர்ப்பினால் ஒருசில நாள்களில் அது கைவிடப்பட்டது. நிலவுடைமையாளனுக்கும் வாரக்குடியானவனுக்கும் இடையிலான பங்கீட்டை அறிந்த எமக்கு இக்கணக்கு புரியாததன்று.

எனினும் இதனை வெறும் சுரண்டற் கதையாக மட்டும் சுருக்கிவிடுதல் தகாது. பொஹீமியா கொம்பனி மாற்றியமைப்போருக்கென 5 இலட்சம் யூரோ பரிசுத்தொகையுடன் போட்டி நடத்தியதுண்டு. சிலருக்கு அவ்வழியே தொழிலும் கிட்டியது. அதனினும் முக்கியமானது, அவ்விளைஞர் பெற்ற அனுபவமாகும். ஒருவர் ஆக்கியதை மற்றவர் திருத்துவதும், திருத்தத்தைப் பொதுவில் வைப்பதும், இலாப நோக்கின்றிச் செம்மையை நாடுவதும் மனித உழைப்பின் உயர்ந்த இயல்புகளாகும். அவ்வியல்புகளை முதலாளித்துவம் உருவாக்கவில்லை. அவற்றைக் கண்டு பயன்படுத்திக்கொண்டது.

உழைப்பின் கேள்விக்கு அடுத்து, அவ்வுழைப்பு எதனைப் படைத்தது என்ற கேள்வி எழுகின்றது. போரினூடே வாழ்ந்த எமக்கு இக்கேள்வி ஏனையோரைவிட நெருக்கமானது.

இவ்விளையாட்டுகள் 'மெய்ம்மை' என்பதையே தமது பெருமையாகக் கூறுகின்றன. துப்பாக்கியின் திருகாணியும் மெய். குண்டின் வளைபாதையும் மெய். இயந்திரத்தின் உறுமலும் மெய். ஆயின் அக்கிராமங்களின் வீடுகளில் பெரும்பாலும் ஆளில்லை. கிணற்றடியில் எவரும் நீர் அள்ளுவதில்லை. பாடசாலையில் பிள்ளைகள் இல்லை. போர் தொடங்குமுன் அங்கே வாழ்ந்தவர் எவர், போர் முடிந்த பின் அவர் எங்கே சென்றார் என்பதற்கு விளையாட்டில் விடை இல்லை.

போரை இலக்கணப்படுத்திய எமது முன்னோரும் அரசர்களைப் புகழ்ந்தவர்களே. ஆயினும் தொல்காப்பியப் புறத்திணையியல் வெற்றியோடு நின்றுவிடவில்லை. பகைவர் ஊர் எரிவதனை எரிபரந்தெடுத்தல் எனத் துறையாக வகுத்தது. பகைவர் நாடு அழிவதற்கு இரங்கும் கொற்றவள்ளையையும் வஞ்சித் திணையிலேயே வைத்தது. காட்டில் கணவனை இழந்து தனித்தவளின் புலம்பலை முதுபாலை என்றும், கைம்மை நோன்பைத் தாபத நிலை என்றும், இறந்தவரை எண்ணிச் செயலற்று நிற்பதைக் கையறுநிலை என்றும் காஞ்சித் திணையிற் சேர்த்தது. போரின் மெய்ம்மைக்குள் இவையும் அடங்கும் என்று கருதிய ஒரு மரபு எமக்குண்டு. ஆணி ஆணியாகக் கவச வாகனம் செய்யும் மெய்ம்மையை அம்மரபின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

எமது காலத்துப் போரையே எடுத்துக்கொள்வோம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளாற் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். 1995 ஜூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் 30இல், படையினர் முன்னேறிவர, புலிகளின் அறிவிப்பைத் தொடர்ந்து வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாதையில் நெருக்குண்டு நடந்தனர். குடாநாட்டின் போர் என்றதும் எமது முதியோர் நினைவில் எழுவன இவையே. துப்பாக்கியின் குறிகாட்டியினூடாக நோக்கும் விளையாட்டிலே இவற்றில் எதற்கும் இடமில்லை. ஏனெனில் இவற்றில் மக்கள் எவரையும் சுடவில்லை. அவர்கள் சுமந்தனர், நடந்தனர், புதைத்தனர், காத்திருந்தனர்.

மனிதரில்லாத இம்மெய்ம்மை மற்றொரு தீங்கையும் விளைவிக்கின்றது. 2011 செப்டெம்பரில் பிரித்தானியத் தொலைக்காட்சி நிறுவனமான ஐ.ரி.வி. ஒளிபரப்பிய விவரணப் படமொன்றில், ஐரிஷ் குடியரசுப் படையினர் 1988இல் எடுத்த படம் என்று காட்டப்பட்ட பகுதி, உண்மையில் 'ஆர்மா 2' விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டதாகும். ஒலிபரப்பு ஒழுங்காற்றும் அமைப்பான ஒஃப்கொம், 2012இல் அது மக்களைத் தவறாக வழிநடத்தியது எனத் தீர்ப்பளித்தது. உக்ரேன் போரின்போது 'ஆர்மா 3' காட்சிகள் மெய்யான போர்க்காட்சிகளாகப் பரவவே, 2022 நவெம்பரில் பொஹீமியா கொம்பனியே அறிக்கை விட நேர்ந்தது. மாற்றியமைப்புகளாலேயே எந்த நாட்டுப் போரையும் அதில் உருவாக்க முடிகின்றது என்று அது ஒப்புக்கொண்டது. போலியை அறிவதற்கான அடையாளங்களையும் அது பட்டியலிட்டது: தெளிவற்ற படம், நடுங்கும் ஒளிப்படக் கருவி, இருள், ஒலியின்மை, இவற்றுடன், அசையும் மனிதரைக் காணாமை. வாகனத்தை மெய்போற் காட்டலாம், மனிதரின் இயல்பான அசைவைக் காட்டுதல் கடினம் என்பது கொம்பனியின் விளக்கம். 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோதும் இதே விளையாட்டின் காட்சிகள் உண்மைச் செய்தியாக உலாவின.

இதனைத் தொலைதேசத்துச் செய்தியெனத் தள்ளிவிட முடியாது. பொய்ப்படங்கள் பெருகும்போது பொய் நம்பப்படுவதோடு தீமை முடிவதில்லை, மெய்ப்படங்களும் ஐயத்துக்குள்ளாகின்றன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகையில் அமர்ந்த தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் நிழற்படங்களையே கையில் ஏந்தினர். சாட்சியமாக ஒரு படத்தைத் தவிர வேறொன்றுமில்லாத மக்களுக்குப் படத்தின் நம்பகம் என்பது நீதியின் நம்பகமாகும். ஆகவே ஒரு காட்சியை எவர் எடுத்தார், எங்கிருந்து எடுத்தார், எதனைத் தவிர்த்தார் என்று ஆராயும் பயிற்சி, செய்யுளுக்குப் பாடபேதம் பார்க்கும் பயிற்சியைப் போல எமது வகுப்பறைகளில் இடம்பெறுதல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், கருவியையே வெறுத்து ஒதுக்குவது அறிவுடைமையாகாது. மாற்றியமைப்போருள் மாறுபட்ட நோக்குடையோரும் இருந்தனர். 2002இல் ஆன்மரி ஷ்லைனர் முதலிய கலைஞர், 'கவுண்டர் ஸ்ட்ரைக்' களத்தின் சுவர்களிலே போரெதிர்ப்புச் சித்திரங்களைத் தீட்டும் மாற்றியமைப்பொன்றை வெளியிட்டனர். ஜோசப் டெலப் என்ற கலைஞர் 2006 முதல், அமெரிக்கப் படையின் ஆட்சேர்ப்பு விளையாட்டுக்குள் நுழைந்து, எவரையும் சுடாது நின்று, ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினரின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்தார். அவுஸ்திரேலியாவில் 2003இல், பாலைநிலத்து வூமரா தடுப்பு முகாமை 'ஹாஃப் லைஃப்' பொறியில் மீளமைத்து, அகதி ஒருவரின் கண்கொண்டு அதனைக் காட்ட ஒரு குழுவினர் முயன்றனர். அரசின் கலைப் பேரவை அதற்கு 25,000 டொலர் வழங்கியதைக் கண்டு குடிவரவு அமைச்சர் சினந்தார். பத்திரிகையாளர் நுழைய முடியாத முகாமுக்குள் விளையாட்டொன்று பொதுமக்களை அழைத்துச் செல்ல முனைந்ததே அச்சினத்துக்குக் காரணம். பின்னைய ஆண்டுகளில் அந்நாட்டின் ஏனைய தடுப்பு முகாம்களில் அடைபட்ட எமது இளைஞரை எண்ணுங்கால் இம்முயற்சியின் பொருள் நமக்குத் தெளிவாகும்.

'ஆர்மா 3'இலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. 2017 செப்டெம்பரில் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஒத்துழைப்புடன் அதன் கொம்பனி 'போர்ச் சட்டங்கள்' என்னும் இணைப்பை வெளியிட்டது. அதில் விளையாடுபவர் துப்பாக்கி ஏந்திய வீரரல்லர். போர் ஓய்ந்த கிராமமொன்றில் கண்ணிவெடி அகற்றும் தொழிலாளி அவர். ஒவ்வொரு வெடியும் எவரால், எப்போது, எதற்காக வைக்கப்பட்டது என்பதை அவர் மெல்ல மெல்ல அறிகின்றார். கிராமத்தவரின் கதை அவ்வாறே விரிகின்றது. அதன் வருவாயின் ஒரு பகுதியாக 176,667 டொலர் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பர் 13இல் இலங்கை, ஆளெதிர்ப்புக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது.

அவ்விளையாட்டில் கற்பனையாக வருவது எமது தென்மராட்சியின் எல்லைக்கு அப்பால் உண்மையாகக் கிடந்தது. முகமாலையில் ஆண்டுக்கணக்காக நிலைத்திருந்த போர்முனையில் இருதரப்பினரும் புதைத்த வெடிகள் உலகிலேயே மிக நெருக்கமான கண்ணிவெடி நிலங்களுள் ஒன்றை உருவாக்கின. அவற்றை அகற்றுவோருள் பலர் பெண்கள். போரிற் குடும்பத்தினரை இழந்தோரும் அவர்களுள் உளர். வெயிலில் முழந்தாளிட்டு, கவசம் அணிந்து, விரற்கடை விரற்கடையாக மண்ணைச் சுரண்டும் அவர்களது தொழிலைவிட மெய்யான போர்க் கல்வி வேறொன்றில்லை. விளையாட்டில் ஒரு நொடியில் வைக்கப்படும் வெடி, நிலத்தினின்றும் எடுபடுவதற்குத் தலைமுறை ஒன்று கழிகின்றது.

எமது கடமை யாது? கைத்தொலைபேசியைப் பறிப்பதால் இவ்வரலாறு மறைந்துவிடாது. நுகர்வோராக மட்டும் இருக்கும் மாணவரை ஆக்குவோராக மாற்றுவதே ஆசிரியருக்கு உரிய வழி. மாற்றியமைக்கும் கருவிகளிற் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு எமது மண்ணில் மற்றுமொரு போரை நடத்திக் காட்ட வேண்டியதில்லை. 'ஆர்மா 3'இன் தீவை ஆக்கியோர், கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவை முன்மாதிரியாகக் கொண்டு ஏறத்தாழ 270 சதுர கிலோமீற்றர் நிலத்தை வீதி வீதியாகத் திரையில் எழுப்பினர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த மக்களிற் பலர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் ஊரைக் காணவில்லை. திரும்பிச் சென்றோரிற் பலர் வீட்டின் அத்திவாரத்தையும் கிணற்றின் கட்டையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவ்வூர்களில் ஒன்றை, அதன் ஒழுங்கைகளோடும் பனைவடலிகளோடும் வாசிகசாலையோடும், முதியோரின் நினைவை அளவுகோலாகக் கொண்டு மாணவர் திரையில் மீளக் கட்டலாம். எந்த வீட்டில் யார் இருந்தார், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது, எந்த வழியால் மக்கள் வெளியேறினர் என்று கேட்டறிந்து அவற்றைப் பதிக்கலாம். அவ்வாறு கட்டப்படும் ஊரில், மற்றைய போர்க்களங்களில் இல்லாதவர்கள் முதலில் குடியேறுவர். அவர்களிடம் கேட்டறியும் காலம் குறுகி வருகின்றது. அம்முதியோரிற் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர்.